ஏ மைனர் வால்ட்ஸ் எனக்கு வருமா?

கேள்வி: வணக்கம் மிஸ். கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து எழுதுகிறேன். வயது 31. பள்ளிக்கூடம் படித்த காலத்திலிருந்து சர்ச் பாடகர் குழுவுக்குக் கீபோர்டு வாசிக்கிறேன். மூன்று வருடமாக முறையாகப் பியானோ கற்று 4ஆம் கிரேடு தேர்வு முடித்தேன். அதற்குள் ஆசிரியர் ஊர் மாறிவிட்டார். பியானோ இசையமைப்பாளர் சோபினின் ஏ மைனர் வால்ட்ஸ் (மூன்று எண்ணிக்கை நடன இசை) வாசிக்க வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. சிலர் சுலபம் என்கிறார்கள், சிலர் 6ஆம் கிரேடுக்கு மேல் என்கிறார்கள். வலது கை ஒரு வாரத்தில் வந்துவிட்டது. இரண்டு கையையும் சேர்த்தால் நாலாவது பாரில் (தாளக் கட்டத்தில்) நின்றுபோகிறது. வீட்டில் இருப்பது 61 கட்டை கீபோர்டு. ஞாயிற்றுக்கிழமை பாண்டியில் பெரியம்மா வீட்டுப் பழைய பியானோவில் வாசித்தால் விரல் கனக்கிறது. தை மாதம் தங்கைக்குக் கல்யாணம். வரவேற்பில் இதை வாசிக்கலாம் என்று நினைக்கிறேன். இது எனக்கு வருமா? எப்படிப் பழகுவது?

அன்புள்ள தம்பிக்கு,

முதலில், உங்கள் கையில் இருப்பது எந்த ஏ மைனர் வால்ட்ஸ் என்று பாருங்கள். சோபின் அந்தச் சுருதியில் ஒன்றுக்கு மேல் எழுதியிருக்கிறார். ஒன்று ஓபஸ் (படைப்பு வரிசை எண்) 34இல் இரண்டாவது, 1838இல் அச்சானது. மெதுவாகப் போகும், நீளமானது, தொடக்கத்தில் மெட்டே இடது கையில் கீழ்ப்பக்கம்தான் நடக்கும். இன்னொன்று 1840களில் எழுதியது, ஓபஸ் எண் கிடையாது. 1849இல் அவர் இறக்கும்வரை அவர் பெயரில் அச்சாகவில்லை. இரண்டே பக்கம். தலைப்பில் இரண்டுக்கும் “வால்ட்ஸ், ஏ மைனர்” என்றே போட்டிருக்கும். ஒருவர் சுலபம் என்பதும் மற்றவர் கஷ்டம் என்பதும் பாதி இந்தக் குழப்பத்தால் வருவது. வலது கை ஒரே வாரத்தில் வந்தது என்கிறீர்கள், அதனால் உங்களிடம் இருப்பது ஓபஸ் எண் இல்லாத சின்னது என்றே வைத்துக்கொண்டு பேசுகிறேன். பெரியதாக இருந்தால் இப்போதைக்கு மூடி வைத்துவிடுங்கள்.

சரி, இந்தச் சின்ன வால்ட்ஸ் எத்தனையாவது கிரேடு? என்னைக் கேட்டால் 5ஆம் கிரேடுக்குப் பக்கத்தில் என்பேன். அந்தப் பதிலால் உங்களுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. கிரேடு என்பது வரிசையாகப் பாடம் கற்று, ஸ்கேல், ஆர்பெஜியோ (சேர்ந்து ஒலிக்கும் நோட்டுகளை ஒவ்வொன்றாக வாசிப்பது) எல்லாம் ஒரே சீராகப் பழகிய ஒரு கற்பனை மாணவரின் கைக்குப் போட்ட அளவு. உங்கள் கை அப்படி வளர்ந்த கை இல்லை. கடிதத்தில் நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு விஷயம்தான் எனக்கு முக்கியமாகப் பட்டது: சர்ச்சில் பல வருடமாகக் கீபோர்டு.

அங்கே உங்கள் இடது கை என்ன செய்துகொண்டிருந்தது என்று யோசித்துப் பாருங்கள். கீபோர்டின் தானியங்கிப் பின்னணியான ஸ்டைல் ஓடும். ட்ரம்ஸையும் கீழ் ஒலியான பேஸையும் பெட்டியே வாசிக்கும். இடது கை ஒரு கார்டைப் (சேர்த்து அழுத்தும் நோட்டுகளை) பிடித்துக்கொண்டு, பார் மாறும்போது அடுத்த கார்டுக்கு நகரும். கை கிட்டத்தட்ட ஒரே இடத்தில்தான் இருக்கும். உங்கள் கீபோர்டில் “வால்ட்ஸ்” என்றே ஒரு ஸ்டைல் இருக்கும், அழுத்திப் பாருங்கள். “தும் சக் சக்” என்று ஒன்று ஓடும். சோபின் உங்கள் இடது கையைக் கேட்பது அந்தப் பொத்தான் செய்த வேலையைத்தான். இத்தனை வருடம் பெட்டி செய்த வேலையை உங்கள் சுண்டுவிரலிடம் திடீரென்று ஒப்படைக்கிறீர்கள். அது நிற்கத்தான் செய்யும். உங்களுக்குத் திறமை குறைவு என்று நினைத்துவிடாதீர்கள்; அந்தப் பழக்கம் இல்லை, அவ்வளவுதான்.

இதையே வேறொருவர் கேட்டிருந்தால் என் பதில் மாறும். புத்தகம் பார்த்துப் பியானோவிலேயே வளர்ந்த 12 வயதுப் பெண்ணுக்கு இந்த இடது கை ஒரு பொருட்டே இல்லை. ஆர்பெஜியோ வரும் வரியில்தான் திணறுவாள். அதனால் ஒரு பாடல் கஷ்டமா சுலபமா என்று பார்க்கும்போது முதல் வரியை வாசித்து முடிவு செய்யாதீர்கள். முதல் வரி எப்போதும் நல்ல பிள்ளையாக நடந்துகொள்ளும். தாளை மேசையில் வைத்து, கையில் பென்சிலோடு, வாசிக்காமல் பாருங்கள். எங்கே கறுப்பாக நெருக்கிக்கொண்டு நோட்டுகள் நிற்கின்றன? இடது கை எங்கே மிகத் தூரம் தாவுகிறது? எங்கே ஷார்ப் (நோட்டை அரைப் படி ஏற்றும்) குறிகள் முளைக்கின்றன? அப்படிப்பட்ட கஷ்டமான நான்கு பார்களை மட்டும் ஒரு வாரம், பாதி வேகத்தில், இரண்டு கையாலும் பழகுங்கள். வாரக் கடைசியில் நிற்காமல் வந்தால் அந்தப் பாடல் உங்கள் எட்டும் தூரத்தில் இருக்கிறது. வராவிட்டால், முழுப் பாடலுக்கும் ஆறு மாதம் செலவழித்தாலும் அந்த நான்கு பார் அங்கேயே உட்கார்ந்திருக்கும்.

இந்த வால்ட்ஸில் அந்த இடம் நடுவே இருக்கிறது. ஏ மைனர் என்பதால் வரியின் தொடக்கத்தில் இருக்கும் சாவிக்குறியில் ஷார்ப்பும் இல்லை, ஃப்ளாட்டும் (அரைப் படி இறக்கும் குறியும்) இல்லை, வெள்ளைக் கட்டையாகவே தெரியும். அந்த வெளுப்பைப் பார்த்துத்தான் பலர் இதை எடுக்கிறார்கள். கொஞ்ச தூரம் போனதும் வலது கை ஈ மேஜர் ஆர்பெஜியோவாகக் கீழிருந்து மேலே ஒரே ஓட்டமாக ஏறுகிறது. ஈ, ஜி ஷார்ப், பி; திரும்ப ஈ, ஜி ஷார்ப், பி. விரல் 1-2-3, 1-2-3, உச்சியில் 5. கட்டைவிரல் கைக்கு அடியில் புகுந்து அடுத்த ஈயைப் பிடிக்க வேண்டும். சர்ச் பாட்டில் இதற்கு வேலையே வந்திருக்காது. இதற்குப் பிறகு ஏ மேஜருக்கு மாறி மூன்று ஷார்ப் வரும் ஒரு பகுதியும் உண்டு. ஆகவே வலது கை வந்துவிட்டது என்று நீங்கள் எழுதியது முதல் பக்கத்தின் வலது கையா என்று எனக்கு ஒரு சந்தேகம். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அந்த ஆர்பெஜியோவுக்கு ஒரே வழிதான். ஓட விடாதீர்கள். ஈ, ஜி ஷார்ப், பி மூன்றையும் சேர்த்து ஒரு கார்டாக அழுத்துங்கள். கையை அப்படியே அடுத்த ஆக்டேவுக்குத் தூக்கி அங்கேயும் அழுத்துங்கள். கை அந்த வடிவத்தைக் கற்றுக்கொண்ட பிறகு மூன்று மூன்றாக உடைத்து வாசியுங்கள். கடைசியாகக் கட்டைவிரல் நுழையும் அந்த ஒரு இணைப்பை, பியிலிருந்து ஈக்குப் போவதை, தனியாக எடுத்துப் பழகுங்கள். முழங்கை வெளியே விரைத்துக்கொண்டு நிற்கக் கூடாது.

இப்போது நாலாவது பாருக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் எனக்குப் பிடித்த இடமே இதுதான், ஏனென்றால் நிற்கும் இடத்தைத் துல்லியமாகச் சொல்லியிருக்கிறீர்கள். அங்கே நின்றதும் என்ன செய்கிறீர்கள்? முதலிலிருந்து ஆரம்பிப்பீர்கள். எல்லோரும் அப்படித்தான். மூன்று பார் மறுபடி ஒழுங்காக வரும், நாலாவதில் மறுபடி நிற்கும். ஒரு மணி நேரம் போனால் நன்றாக வரும் மூன்று பார் இன்னும் நன்றாக வரும். நாலாவது அப்படியே இருக்கும். போதாததற்கு அங்கே நிற்பதையும் கை மனப்பாடம் செய்துவிடும்.

தவறு நாலாவது பாரில் இல்லை. மூன்றாவது பாரின் மூன்றாம் எண்ணிக்கையில் கார்டு வாசிக்கிறீர்கள் அல்லவா, அதிலிருந்து நாலாவது பாரின் பேஸ் நோட்டுக்குப் போகும் வழி உங்கள் கைக்குத் தெரியவில்லை. வால்ட்ஸில் ஒவ்வொரு பார்கோட்டிலும் இடது கை இப்படித் திரும்பி இறங்கியாக வேண்டும். ஆகவே பாரை ஒன்று-இரண்டு-மூன்று என்று பழகாதீர்கள். இரண்டு-மூன்று-ஒன்று என்று பழகுங்கள். கார்டு, கார்டு, அடுத்த பாரின் பேஸ். அங்கே நிறுத்துங்கள். மூச்சு விடுங்கள். அடுத்தது: கார்டு, கார்டு, பேஸ். இப்படி முதல் எட்டு பாரையும் இடது கையால் மட்டும் வாசித்தால் நாலாவது பார் தானாகத் திறந்துகொள்ளும்.

பேஸிலிருந்து கார்டுக்கு ஏறுவதற்கு வேறு பயிற்சி. சுண்டுவிரலால் பேஸை வாசியுங்கள். வாசித்த மறுகணம் கையைக் கார்டு இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோய், விரல்களைக் கட்டைகள் மேல் சும்மா வையுங்கள். அழுத்த வேண்டாம். சரியான கட்டைகள்தானா என்று பாருங்கள். சரி என்றால் அழுத்துங்கள். தாளம் போனால் போகட்டும். கை மட்டும் வேகமாக நகர வேண்டும். மெதுவாகப் பழகு என்று சொன்னால் மாணவர்கள் கையையும் மெதுவாக நகர்த்துகிறார்கள். அது வீண். தாவல் எப்போதும் வேகமாக இருக்கட்டும், தாவிய பிறகு காத்திருங்கள். அந்தக் காத்திருப்பைக் குறைத்துக்கொண்டே போவதுதான் வேகம் ஏற்றுவது.

இந்த இடத்தில் சர்ச் அனுபவம் உங்களுக்குக் கைகொடுக்கும். கிரேடு படித்த பல பிள்ளைகளுக்கு நோட்டு நோட்டாகத்தான் படிக்கத் தெரியும். உங்களுக்குக் கார்டைப் பார்த்ததும் பெயர் தெரியும். ஒவ்வொரு பாரின் மேலும் பென்சிலால் எழுதுங்கள்: ஏ மைனர், டி மைனர், ஈ செவன்த் என்று. பேஸும் மேலே வரும் இரண்டு கார்டும் சேர்ந்து நீங்கள் அறிந்த அதே கார்டுதான் என்று தெரிந்துவிட்டால் இடது கையை முழுதாக மனப்பாடம் செய்ய இரண்டு வாரம் போதும். மனப்பாடம் அவசியம். கண் ஒரே நேரத்தில் தாளையும் பேஸ் கட்டையையும் பார்க்க முடியாது. இரண்டு கையும் சேரும்போது கண் இடது கைக்குச் சொந்தம். வலது கை தடவித்தான் நடக்க வேண்டும்.

சேர்ப்பதையும் ஒரேயடியாகச் செய்யாதீர்கள். முதலில் வலது கை மெட்டோடு பேஸ் நோட்டு மட்டும், கார்டுகள் கிடையாது. இது வந்தாலே பாடல் பாடலாகக் கேட்கும், மனதுக்கும் தெம்பு. அதன் பிறகு இரண்டாம் எண்ணிக்கைக் கார்டைச் சேருங்கள். கடைசியில் மூன்றாவது. மெட்டில் வரும் அலங்காரக் குறிகளையெல்லாம் அதுவரை விட்டுவிடுங்கள். தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமை ஒரு எண்ணிக்கைக்கு ஒரு தட்டு என்று 60இல் வைத்துத் தொடங்கி, நான்கு நான்காக ஏற்றி, 120 பக்கம் வந்தால் போதும். பல பதிப்புகளில் அலெக்ரெட்டோ (மிதமான வேகம்) என்று இருக்கிறது; அது ஓட்டம் இல்லை. 120ஐத் தொட்டதும் மெட்ரோனோமை 40க்கு இறக்கி, ஒரு பாருக்கு ஒரே தட்டு என்று வைத்து வாசியுங்கள். அன்றைக்குத்தான் அது வால்ட்ஸ் மாதிரி கேட்கும்.

மூன்று எண்ணிக்கை என்றதும் நம் ஊர்க் காது “தகிட தகிட” என்று திஸ்ரமாக எண்ணத் தொடங்கிவிடும். எண்ணலாம், ஆனால் மூன்று அட்சரத்துக்கும் சமமாக எடை கொடுத்தால் வால்ட்ஸ் செத்துவிடும். “த”வில் உடம்பு கீழே இறங்க வேண்டும். “கிட” இரண்டும் விரல் நுனியில் தொட்டுவிட்டுப் போக வேண்டும். ஓசையில் மெட்டு முதல், பேஸ் அடுத்தது, கார்டுகள் கடைசி. கார்டு வாசிக்கும் விரல்கள் கட்டையை விட்டு உயரக் கிளம்பவே வேண்டாம். கீபோர்டில் இதெல்லாம் சரியாகக் கேட்காது என்பதால் யாரும் கவனிப்பதில்லை. பியானோவில் உட்கார்ந்ததும் கார்டுகள் “டம் டம்” என்று மெட்டை மூடிவிடும்.

அழகுக்காக வேகத்தை இழுத்து விடும் ரூபாட்டோவைப் பற்றி ஒரு வார்த்தை. சோபினிடம் பாடம் கேட்டவர்கள் எழுதிவைத்த நினைவுகளில், இடது கை நேரத்தைப் பிடித்து நிற்க வேண்டும், வலது கைக்குத்தான் சுதந்திரம் என்று அவர் வற்புறுத்தியதாக வருகிறது. மெட்ரோனோமும் அவர் பியானோவில் இருந்திருக்கிறது. நம் பிள்ளைகள் கஷ்டமான இடத்தில் தயங்கிவிட்டு “ரூபாட்டோ மிஸ்” என்பார்கள். தாளத்தோடு ஒரு தடவை வாசித்துக் காட்டு, அப்புறம் ரூபாட்டோவைப் பற்றிப் பேசலாம் என்பேன்.

பெடல். உங்கள் கீபோர்டின் பின்னால் சஸ்டெய்ன் பெடல் செருக ஒரு துளை இருக்கும். இல்லாமல் பழகவே வேண்டாம். சுண்டுவிரல் பேஸை விட்டுக் கிளம்பிய பிறகும் அந்த ஒலியைப் பிடித்து வைத்திருப்பது பெடல்தான். பேஸ் ஒலித்த பிறகு காலை அழுத்துங்கள், அதனோடேயே சேர்த்து அல்ல. அடுத்த பேஸ் விழும் கணத்தில் தூக்கி, உடனே திரும்ப அழுத்துங்கள். முதலில் இடது கையும் காலும் மட்டும். டைல்ஸ் தரையில் பெடல் வழுக்கிக்கொண்டு ஓடும், அடியில் ரப்பர் பாய் போட்டுக்கொள்ளுங்கள்.

61 கட்டை என்பது ஐந்து ஆக்டேவ். பியானோவின் 88 என்பது ஏழுக்குக் கொஞ்சம் மேல். உங்கள் தாளில் இருப்பதிலேயே உயரமான நோட்டையும் தாழ்ந்த நோட்டையும் தேடி, இரண்டும் உங்கள் கீபோர்டில் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். இடப்பற்றாக்குறையை விடப் பெரிய பிரச்சினை கட்டையின் கனம். உங்களுடையது ஸ்பிரிங் கட்டை. பியானோவில் ஒவ்வொரு கட்டையும் ஒரு சுத்தியலைத் தூக்குகிறது. விரல் கனக்கிறது என்றீர்களே, அந்தக் கனம்தான் ஒலியைச் சிறிதாக்கவும் பெரிதாக்கவும் உங்களுக்குக் கிடைக்கும் பிடி. நோட்டு, கார்டு, தாவல் எல்லாவற்றையும் வார நாளில் வீட்டில் பழகுங்கள். ஞாயிற்றுக்கிழமை பெரியம்மா வீட்டில் முழுப் பாடலையும் வாசித்துக் காட்ட வேண்டாம். இடது கையை மட்டும், பாதி வேகத்தில், கார்டுகளை எவ்வளவு மெல்லிசாக வாசிக்க முடியும் என்று பாருங்கள். வசதிப்படும்போது கனமுள்ள 88 கட்டை டிஜிட்டல் பியானோ ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். கீபோர்டைச் சாப்பாட்டு மேசையில் வைத்து வாசிக்கிறீர்களா? அப்படியானால் உயரம் அதிகம், முழங்கை கட்டைக்குச் சமமாக இருக்க வேண்டும்.

அந்தப் பழைய பியானோவையும் முழுதாக நம்பிவிடாதீர்கள். பாண்டியில் கடலுக்குப் பக்கத்து வீடு என்றால் உப்புக் காற்றில் கம்பி துருப்பிடிக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மரமும் கம்பளித் துணியும் ஈரத்தை உறிஞ்சி, சில கட்டைகள் அழுத்தினால் எழும்பாமல் உட்கார்ந்துகொள்ளும். எந்தக் கட்டை என்று குறித்துவைத்து ட்யூனரிடம் காட்டுங்கள். விரலைக் குறை சொல்லி அதே இடத்தை நூறு தடவை வாசித்து மணிக்கட்டைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

இந்த வால்ட்ஸுக்கு முன்னால் கைக்குப் படியாக ஏதாவது வேண்டும் என்றால் இரண்டு சொல்கிறேன். முதலாவது ஷூபர்ட்டின் சின்னச் சின்ன வால்ட்ஸ்கள். 1821இல் வந்த ஓபஸ் 9 என்ற தொகுப்பில் 36 நடனங்கள் இருக்கின்றன. பெரும்பாலும் 16 பார்தான். உண்மையாகவே ஆடுவதற்காக எழுதியவை என்பதால் இடது கை நேர்மையாக “தும் சக் சக்” என்று போகும். வாரம் ஒன்று எடுத்தால் உங்கள் சுண்டுவிரலுக்கு ஊர் வழி தெரிந்துவிடும். அடுத்தது க்ரீக்கின் லிரிக் பீஸஸ் முதல் தொகுப்பில், ஓபஸ் 12இல், இரண்டாவதாக வரும் வால்ட்ஸ். அதுவும் ஏ மைனர்தான், நடுவில் ஏ மேஜருக்குப் போய்வரும். சோபின் கேட்பதையே கொஞ்சம் கருணையோடு கேட்கும். சோபினை இன்றே தொடங்க வேண்டும் என்று கை துறுதுறுத்தால் தொடங்குங்கள், ஆனால் பக்கத்தில் ஒரு ஷூபர்ட்டும் ஓடட்டும்.

தங்கை கல்யாணம். இதற்கு என் பதில்: இந்தத் தைக்கு வேண்டாம். வீட்டில் தனியாக நிற்காமல் வருவதற்கும், ஆயிரம் பேர் பேசிக்கொண்டும் பந்திக்கு நகர்ந்துகொண்டும் இருக்கும் மண்டபத்தில், யாரோ வாடகைக்குக் கொண்டுவந்த கீபோர்டில், பழக்கமில்லாத பெடலோடு வருவதற்கும் நடுவே இன்னும் சில மாதம் இருக்கிறது. தாவல் புதிதாகக் கற்ற கைக்குக் கட்டையின் அகலம் கொஞ்சம் மாறினாலே போதும், பேஸ் பக்கத்துக் கட்டையில் விழும். தவிர, பெண்ணும் மாப்பிள்ளையும் மேடையில் சிரித்துக்கொண்டு நிற்கும்போது இந்த வால்ட்ஸின் சோகம் அங்கே பொருந்துமா என்றும் யோசியுங்கள்.

வால்ட்ஸ்தான் வேண்டும் என்றால் பிராம்ஸின் ஓபஸ் 39இல் 15ஆவது இருக்கிறது. 16 வால்ட்ஸ்கள் உள்ள தொகுப்பு, 1865இல் ஒரே பியானோவில் இரண்டு பேர் உட்கார்ந்து வாசிக்க எழுதியது. அதை ஒருவர் வாசிக்கும்படி பிராம்ஸே மாற்றினார், எளிய வடிவம் ஒன்றும் தந்தார்; அந்த எளிய வடிவத்தில் இது ஏ மேஜரில் இருக்கிறது. கடையில் கேட்கும்போது எளிய பதிப்பு, ஏ மேஜர் என்று சொல்லிக் கேளுங்கள், இல்லாவிட்டால் நான்கு ஃப்ளாட்டோடு ஏ ஃப்ளாட் மேஜரைத் தந்துவிடுவார்கள். தாலாட்டு மாதிரி இதமான மெட்டு, ஒன்றரை நிமிடத்துக்கு மேல் போகாது, மண்டபத்துக்கும் பொருந்தும். இதற்கும் நான் மேலே சொன்ன நான்கு பார் சோதனையை இந்த வாரமே வைத்துப் பாருங்கள். தேறவில்லை என்றால், சர்ச்சில் நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு வாசிக்கும் கீர்த்தனை ஒன்றை ஸ்டைலை அணைத்துவிட்டு, பேஸையும் கார்டையும் நீங்களே வாசித்து, வரவேற்பில் கொடுங்கள். இடது கைக்கு அதுவும் பயிற்சிதான், தங்கைக்கும் தெரிந்த பாட்டாக இருக்கும்.

ஆசிரியர் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். வாரா வாரம் வகுப்புக்குப் போக முடியாவிட்டாலும் மாதம் ஒருமுறை பாண்டியில் யாரிடமாவது உட்கார்ந்து கையைக் காட்டுங்கள். எந்தக் கட்டை, எப்போது என்று வீடியோக்கள் சொல்லிவிடும். மணிக்கட்டு இறுகுகிறதா, தோள் ஏறுகிறதா என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பவர்தான் சொல்ல முடியும். முதல் தடவை போகும்போது இடது கையை மட்டும் வாசித்துக் காட்டுங்கள்.